துண்டுக்கு அடியில்

ரேணுகாம்பாள் குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து, புருஷனின் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். காரின் பின் கதவு திறந்திருந்தது. ஒரு காலைப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் ஒரு முழங்காலைச் சீட்டிலும் ஊன்றிக்கொண்டு முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். வாய் மூடிக்கொண்டது. முப்பது வருஷம் காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைத் தரகு பேசிய வாய். அதைக் கொஞ்ச நேரமாவது மூட வைக்க அவள் எத்தனையோ நாள் முயன்று பார்த்திருக்கிறாள்.

“பல்லு வலிக்காரரு மாதிரி இருக்காரும்மா” என்றான் டிரைவர் கண்ணாயிரம்.

“அப்படியே இருக்கட்டும். எவனாவது கேட்டா பல்லு வலின்னு சொல்லு.”

“இங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்குதும்மா. ஒரு வாட்டி காட்டிட்டோம்னா...”

“காட்டினா எழுப்பிக் குடுப்பாங்களா?”

“எழுப்ப மாட்டாங்க. காயிதம் குடுப்பாங்க.”

“அந்தக் காயிதத்துக்குத்தான் சொல்றேன். இது வேற சர்க்காரு. யாரு, எவரு, எந்த ஊருன்னு சாயங்காலம் வரைக்கும் எழுதிக்கினு இருப்பான். பொழுதோட ஊட்டுக்குப் போய்ச் சேரணும். ஏறு.”

அவள் அழவில்லை. அழுகையை ஊரில் போய்த்தான் தொடங்க வேண்டும். நடுவழியில் தொடங்கினால் வண்டியில் அதைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தவிர, அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அப்பாதுரையை இடது பக்கக் கதவோரம் சாய்த்து, இடுப்புக்கும் தோளுக்கும் தலையணை கொடுத்தார்கள். கண்ணாயிரம் கட்டைச்சுவரின் மேலிருந்து தகரப் பெட்டியை எடுத்து வந்தான். மூடியில் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்த சின்னப் பெட்டி. மூன்று நாளாகச் செய்த பழக்கத்தில் அதைக் கொண்டுவந்து பின் சீட்டு ஜன்னலோரம் வைக்கப் போனான்.

“அதை டிக்கியில போடு” என்றாள் ரேணுகாம்பாள்.

அவன் அவளையும் பெட்டியையும் பார்த்தான். “டிக்கியிலயா? ஸ்டெப்னி கெடக்குதும்மா. கிரீஸ் படும்.”

“படட்டும்.”

அந்தப் பெட்டி அவளுடைய அக்கா லோகாம்பாள்.

லோகாம்பாள் அப்பாதுரையின் மூத்தாள். இருபத்திரண்டு வயதில், பட்டம்மாளைப் பெற்றுப்போட்டு பத்தாம் நாள் ஜன்னி கண்டு போனாள். வருஷம் திரும்புவதற்குள் ரேணுகாம்பாளை அதே மாப்பிள்ளைக்கு, அதே பந்தல்காரன் போட்ட பந்தலில் கட்டி வைத்தார்கள். சுமங்கலியாகப் போனவள் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி, தெய்வம். வருஷா வருஷம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் புதுப் புடவையைப் பெட்டியில் வைத்துப் படையல் போட வேண்டும். மூன்றாம் நாள் இளையாள் பெட்டியைத் திறந்து, அந்தப் புடவையை எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்கும் அவளுக்கு உரிமை இல்லை.

முறையில் தப்பில்லை. மற்ற வீடுகளில் வைப்பது நூல் புடவை. அப்பாதுரை பட்டுத் தரகர். ஊரில் நல்ல தறியில் எது இறங்குகிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ஐப்பசியிலேயே தேடத் தொடங்கிவிடுவார். அரக்கு, மாந்துளிர், மிளகாய்ப்பழம், வெங்காயத்தோல். பொட்டிக் கரை, ருத்ராட்சக் கரை. வீட்டுக்குக் கட்டுகிற நூல் புடவைகளை ரேணுகாம்பாளே வாங்கிக்கொள்வாள். பட்டு என்று வந்தால் அது அக்கா வழியாகத்தான் வரும். அவளுடைய கூறைப்புடவையே ஒரு ராத்திரி அந்தப் பெட்டியில் கிடந்துதான் வந்தது. இருபது வருஷத்தில் இருபது பட்டு. தெருப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். “ஒனக்கின்னாம்மா, தரகர் ஊட்டுக்காரி” என்றார்கள். இருபதும் ஒருத்தி கட்டிக் களைந்தது என்று யாரிடம் சொல்வது? செத்தவள் கட்டினால் அழுக்காகாதுதான். ஆனாலும் களைந்தது களைந்ததுதான்.

கண்ணாயிரம் டிக்கியை மெதுவாகச் சாத்தினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ரேணுகாம்பாள் சுற்றி வந்து வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“திண்டிவனம் ரோட்டுல அடிச்சா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்மா.”

“வந்த வழியாவே போ. மரக்காணம் மேல.”

“அது கடலோர ரோடும்மா. சுத்து. நடுவுல மணல் ஏறிக் கெடக்குது.”

“தெரியும். கடலு எந்தப் பக்கம் வரும்?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “திரும்பிப் போறோம்ல. உங்க பக்கம் வரும்.”

“போ.”

தெற்கே வரும்போது கடல் இடது பக்கம். இடது ஜன்னலோரம் பெட்டி இருந்தது.

அது அப்பாதுரையின் ஏற்பாடு. கடல் பார்க்கக் கேட்டவள் லோகாம்பாள். அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி, புதுச்சேரி மருமகள், ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே அளந்துவிட்டுப் போன ஊர்களை அவள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். திருக்கழுக்குன்றத்துக் கழுகு. மல்லைக் கோயில். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை. மரக்காணத்து உப்பு. புதுச்சேரியில் சூரியன் உதிப்பது. ஜன்னியிலும் அதே வரிசையில் ஒப்பித்தாள். அப்பாதுரை, “காரிலேயே கூட்டிக்கினு போறேன்” என்று வாக்குக் கொடுத்தார். அப்போது அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

இந்தத் தையில் பட்டுக்கடை முதலாளி வேணுகோபால் தன் பழைய அம்பாசடரையும் டிரைவரையும் நாலு நாளைக்குக் கொடுத்தார். படையலுக்கு இருந்த புடவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியையும் தூக்கிக்கொண்டு அப்பாதுரை கிளம்பினார். “இந்தா, நீயும் வா” என்றார் ரேணுகாம்பாளிடம். முப்பத்தெட்டு வயது வரை கடல் பார்க்காதவள் அவள். நாற்பது மைலில் இருந்தது. அவள் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் படி. டோலிக்காரன் கெஞ்சினான். அப்பாதுரை கேட்கவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தானே ஏறினார். ஐம்பத்திரண்டு வயதில் நூறு படிக்கு ஒருதரம் நின்று, மார்பைத் தடவிக்கொண்டு, “ஒண்ணும் இல்ல, வாயுவு” என்றார். ரேணுகாம்பாளும் ஏறினாள். அவளை யாரும் தூக்கவில்லை. உச்சியில் உச்சிவேளைக்குக் கழுகு இரண்டு வந்தன. பண்டாரம் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு, அலகைப் பாறையில் தேய்த்துக்கொண்டன. அப்பாதுரை பெட்டியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.

“பாரு லோகு. ஜோடி தப்பாம வருது.”

மல்லையில் ரேணுகாம்பாளுக்கு ஒரு கண்ணாடி பிடித்திருந்தது. சுற்றிலும் சிப்பி ஒட்டியது. அவர் கடைக்காரனோடு அரை மணி நேரம் பேசினார். கடைக்காரன் அழாத குறையாக அவர் சொன்ன இடத்துக்கு இறங்கி வந்தான். அப்பாதுரை திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டார். விலை படிந்துவிட்டால் அவருக்குப் பொருளில் ஆசை போய்விடும். அவள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி லோகாம்பாளின் பட்டியலில் இல்லை.

சதுரங்கப்பட்டினத்தில் பரங்கிக்காரன் கல்லறைகளைப் பெட்டிக்குக் காட்டினார். மரக்காணத்தில் உப்பைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகையைப் பெட்டி மூடியில் தூவினார். இடைவழியில் எல்லாம் ரேணுகாம்பாள் சீட்டின் நடுவில். இடது பக்கம் அக்கா, வலது பக்கம் புருஷன். பெட்டிக்கு மேலே எட்டி எட்டி அவள் பார்த்த கடல், தகர மூடி விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை நீலம்.

இன்றைக்குக் காலையில் பட்டியல் முடிந்தது.

புதுச்சேரிக் கடற்கரையில் கட்டைச்சுவரில் உட்கார்ந்து சூரியன் உதித்ததைப் பார்த்தார்கள். இருவருக்கும் நடுவில் பெட்டி. அப்பாதுரையின் முகம் வேர்த்திருந்தது. காற்று சிலுசிலுவென்று அடித்தது, அப்படியும் வேர்த்திருந்தது.

“அவ கேட்டதெல்லாம் ஆச்சு” என்றார். “நீதான் ஒண்ணும் கேட்டதே இல்ல. ஒனக்கு இன்னா வேணும், சொல்லு.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு, கையைப் பெட்டிக்கு மேலாக அவள் பக்கம் நீட்டினார். முகத்தில் லேசான சிரிப்பு.

தரகர்கள் விலை பேசுவது அப்படித்தான். வெளியே மழையைப் பற்றி, மருமகனைப் பற்றி, வாலாஜாபாத் ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். விலை துண்டுக்கு அடியில் விரலில் நடக்கும். ரேணுகாம்பாளுக்கும் அது தெரியும். அவள் அப்பா ஜரிகைக் கடைக்காரர். எந்த விரலைப் பிடித்தால் என்ன, எத்தனை தரம் அழுத்தினால் என்ன என்பதைப் பாண்டி ஆடுகிற வயதிலேயே படித்தவள். அதில் இன்னொரு பாடமும் உண்டு. கை நீட்டியவன் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. முதலில் வாயைத் திறக்கிறவன் இறங்கிவிட்டான் என்று அர்த்தம்.

அவள் கையைக் கொடுக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, அதுவும் அக்காவின் பட்டியல் முடிந்த பிறகு, அதுவும் அக்காவின் தலைக்கு மேலாக. உடனே விரலைக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன மதிப்பு? முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்ல தரகன் மூன்று தரமாவது கேட்பான். கேட்கட்டும். மூன்றாவது தரம் வரைக்கும் இறங்கக் கூடாது.

அவர் கேட்கவில்லை.

கட்டுமரம் ஒன்று உள்ளே போயிற்று. இன்னொன்று வந்தது. மனுஷர் நன்றாகத்தான் தாக்குப்பிடிக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைக்கண்ணால் பார்த்தாள். துண்டு போட்ட கை பெட்டியின் மேலேயே இருந்தது, இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் பேரம் முறியவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அக்காவிடம் அவர் ஒருநாளும் இத்தனை நேரம் பிடித்திருக்க மாட்டார். அவள் கேட்டதும் கொடுத்துவிடுவார். தன்னிடம்தான் காத்திருக்கிறார். அவள் பதிலைத் தயார் பண்ணினாள். மாற்றினாள். அரை மணி நேரம் அவள் கொஞ்சமும் அசையவில்லை.

சுண்டல்காரன்தான் வந்து குனிந்து பார்த்தான். “ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லியா?”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அவள் ஜெயித்திருந்தாள்.

எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. அந்தப் பக்கம் புதுச்சேரி, கடை திறந்திருக்கும். இந்தப் பக்கம் மதுவிலக்கு. கான்ஸ்டபிள் ஒருவர், நாற்பது வயதிருக்கும், இடது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவர் முகத்துக்கும் அப்பாதுரையின் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான்.

“பெரியவருக்கு என்னா?”

“பல்லு வலிங்க” என்றான் கண்ணாயிரம், கேள்வி முடிவதற்கு முன்பே.

“நான் அவரைப் பாத்துக் கேட்டேன், நீ எங்கியோ பாத்துச் சொல்றே.” கான்ஸ்டபிள் சிரித்தார். “புதுச்சேரி போயிட்டுத் திரும்புற ஆம்பளைங்க எல்லாருக்கும் பல்லு வலிதான்பா. ஊர்லேர்ந்து போறப்ப ஒருத்தனுக்கும் வலிக்கிறதில்ல. மருந்து எங்க வெச்சிருக்கீங்க?”

“எங்க ஊட்டுக்காரரு மோந்துகூடப் பாக்காதவரு” என்றாள் ரேணுகாம்பாள்.

“எல்லா ஊட்டுக்காரம்மாவும் அதான் சொல்றாங்க. எழுப்பும்மா அவரை. வாயைத் தெறக்கச் சொல்லு.”

அவள் கான்ஸ்டபிளை நேராகப் பார்த்தாள். “ராத்திரி பூரா தூங்கல. இப்பதான் கண்ணு அசந்தாரு. எழுப்பினா நீங்கதான் மறுபடி தூங்க வெக்கணும்.”

கான்ஸ்டபிள் மூக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். திருநீறும் வியர்வையும்தான். அவருக்குத் திருப்தி இல்லை. “டிக்கியத் தெற.”

கண்ணாயிரம் இறங்கினான். ரேணுகாம்பாளும் இறங்கினாள். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு கிரீஸ் துணி. நடுவில் மஞ்சள் பூசிய பெட்டி.

“இதுல என்னா?”

“புடவை.”

“மேல மஞ்ச குங்குமம், உள்ள பாட்டிலு. மாசத்துக்கு ரெண்டு பாக்கறேன்மா நானு. தெற.”

“அது எங்க அக்கா” என்றாள் அவள். “மூத்தாளு. படையலுக்கு வெச்ச பெட்டி.”

கான்ஸ்டபிளின் கை நடுவில் நின்றது. “பூவாடையா?”

“ஆமா.”

“எந்த ஊரு நீங்க?”

“காஞ்சிபுரம்.”

“நான் செய்யாறு பக்கம்.” அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா தெறந்து காட்டிடு தாயி. நாளைக்கு எவனாவது கேட்டா நான் பதில் சொல்லணும். நான் தொட மாட்டேன். நீயே தெற.”

படையலுக்கு முன்னால் இளையாள் திறக்கக் கூடாது. ரேணுகாம்பாள் அப்பாதுரையின் இடுப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த சாவியைப் போட்டுத் திறந்தாள்.

வெற்றிலை வாடியிருந்தது. விரலி மஞ்சள் இரண்டு. அதற்குக் கீழே புடவை. கிளிப்பச்சை, மிளகாய்ப்பழச் சிவப்பில் கரை.

அவள் மூடியைப் பிடித்தபடியே நின்றாள்.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். “எங்க ஊட்லயும் உண்டு. எங்க பெரியம்மா. நாலு வருசமா வெக்கல. அதான் பொண்ணுக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்குது.” குரலைத் தாழ்த்தினார். “வேண்டிக்கம்மா எங்களுக்கும். டிரைவரு, மெதுவாச் சாத்துப்பா. அவங்களப் போயி டிக்கியில வெச்சிக்கினு வர்றீங்களே.”

தடுப்புக் கட்டை மேலே போயிற்று. அப்பாதுரையை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

கண்ணாயிரம் அரை மைல் போன பிறகுதான் மூச்சு விட்டான். “பெட்டியில இருக்கற பெரியம்மா காப்பாத்திட்டாங்கம்மா.”

ரேணுகாம்பாள் சாவியை இடுப்பில் செருகினாள். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிரீஸில் கிடந்தும் அவள்தான் காப்பாற்றினாள். அதற்கும் அவளையே கும்பிட வேண்டும்.

கடல் வலது பக்கம் வந்தது. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே வந்து போயிற்று. மூடிக்கு மேலே எட்டாமல், முழுசாக. அவள் அதைப் பார்க்கவில்லை. பச்சையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

லோகாம்பாளுக்குப் பச்சை ஆகாது. பெரிய மனுஷியானபோது பச்சைப் பட்டு கட்டி உட்கார வைத்தார்கள். அன்றைக்கே காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் கிடந்தாள். அதற்குப் பிறகு அம்மா அவளைப் பச்சை ரிப்பன்கூடத் தொட விடவில்லை. அப்பாதுரைக்கும் அது தெரியும். இருபது புடவையில் ஒன்றில்கூடப் பச்சை கிடையாது, கரையில்கூட. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் கட்டிப்போட்டிருந்த மூட்டையில் ஒரு பச்சைப் புடவையை ரேணுகாம்பாள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தார். “அது அரக்கோணத்துக் கல்யாணத்துக்கு” என்று மூட்டையை முடிந்துகொண்டு போனார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்படியானால் இது யாருக்கு?

அவளுக்கு உடனே இன்னொன்றும் தோன்றியது. இந்த வருஷம் நல்ல தறியில் பச்சைதான் இறங்கியிருக்கும். முதலாளி தலையில் கட்டியிருப்பார். இல்லையென்றால், செத்தவளுக்குக் காய்ச்சல் எது, இப்போதாவது கட்டட்டும் என்று நினைத்திருப்பார். எதுவும் இருக்கலாம். அவரைக் கேட்டால் தெரியும். மழையைப் பற்றிப் பேசுவார், மருமகனைப் பற்றிப் பேசுவார். கடைசி வரைக்கும் விலையைத் திறக்காத மனுஷர். அவளுக்கு அவர் மேலே கோபம் மறுபடி ஏறியது. அக்கா மேலே ஏறியது. ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்கிற தன் மேலேயும் ஏறியது.

மரக்காணம் வந்ததும் “நிறுத்து” என்றாள்.

“யம்மா, நேரம் ஆவுது. அவரு வெறைக்க ஆரம்பிச்சிட்டா எறக்கறது கஷ்டம்.”

“அஞ்சு நிமிஷம். டிக்கியத் தெற.”

நேற்று நிறுத்திய அதே இடம். உப்பளப் பாத்திகளில் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கரையில் பனையோலை போட்ட கொட்டகை. அதற்குள் உப்புக் குவியல். ஆட்கள் தூரத்தில் பலகையால் வாரிக்கொண்டிருந்தார்கள். கண்ணாயிரம் வண்டியின் முன்பக்கம் போய் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அவன் நினைத்தது வேறு.

அவள் திரும்பி வந்தபோது பீடி அவன் விரலைச் சுட்டது.

பச்சைப் பட்டின் மடிப்புகள் இன்னும் கலையவில்லை. உடம்பில் கட்டங்கட்டமாக நின்றன. கொசுவத்தின் அடியில் உப்பு ஒட்டியிருந்தது. மாநிறத்துக்கும் ஒரு படி கறுத்தவள் அவள். அந்த வெயிலில் அந்தப் பச்சை அவளை என்ன செய்தது என்பதைச் சொல்லக் கண்ணாயிரத்துக்கு வாய் வரவில்லை. நெற்றியில் குங்குமம் இருந்தது. அவள் விதவை என்பது இந்தப் பூமியில் அவனுக்கும் ஒரு சுண்டல்காரனுக்கும் மட்டும்தான் தெரியும்.

“படையல் முடியலியேம்மா” என்றான், தரையைப் பார்த்து.

“முடியல” என்றாள் அவள்.

கழற்றிய நூல் புடவையை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பைக்குள் திணித்தான். பெட்டியை மூடி, மறுபடி டிக்கியிலேயே வைத்தான். ஜன்னலோரம் வைக்கட்டுமா என்று கேட்கவில்லை.

அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாதுரையின் வலது கை சீட்டில் மல்லாந்து கிடந்தது. தரகுத் துண்டு அவர் மடியிலேயே இருந்தது. அவள் இடது தோளிலிருந்து தொங்கிய முந்தானையின் ஓரத்தை, இன்னும் முடிச்சுப் போடாத குஞ்சத்தோடு, அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் லேசில் மடங்கவில்லை. ஒவ்வொன்றாக மடித்தாள். துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். தன் கையையும் அதற்கு அடியில் விட்டாள்.

“இதான்” என்றாள். “முடிஞ்சா குடுங்க. இல்லன்னா விட்டுடுங்க.”

இந்தத் தடவை அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

கண்ணாயிரம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான். கடல் கொஞ்ச தூரம் கூட வந்து, திண்டிவனம் பாதை திரும்பியதும் நின்றுவிட்டது. வண்டி வந்தவாசியைத் தாண்டியது. செய்யாற்றில் தண்ணீர் நடுவில் மட்டும் ஓடியது. பாலாற்றில் அதுவும் இல்லை. பாலத்தில் கைத்தறி மூட்டை ஏற்றிய வண்டிகள் எதிரே வந்தன. ஒரு மூட்டைக்காரன் அப்பாதுரையை அடையாளம் கண்டு, “தரகரே, பல்லு வலியா?” என்று கத்திவிட்டுப் போனான்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வண்டி நுழையும்போது மணி ஒன்று. தறிச் சத்தம் இரண்டு பக்கமும் விடாமல் கேட்டது. வாசலில் மாவிலை கட்டி, நாளை வெள்ளிக்கிழமைப் படையலுக்காக இன்றைக்கே செம்மண் பூசியிருந்தார்கள். அப்பாதுரையின் அக்கா செல்லியம்மாள் கையில் ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தாள். வாலாஜாபாத்திலிருந்து படையலுக்கு வந்திருந்த பட்டம்மாள் பின்னாலேயே வந்தாள். தாய் முகம் தெரியாதவள், ரேணுகாம்பாள் வளர்த்தவள்.

முதலில் பெட்டிதான் இறங்க வேண்டும். பட்டம்மாள் அதைச் சீட்டில் தேடினாள். கண்ணாயிரம் டிக்கியைத் திறந்துவிட்டான். அவள் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பெட்டி நெஞ்சு வரை வந்துவிட்டது.

“சித்தி” என்றாள். “பெட்டி லேசா இருக்குது.”

செல்லியம்மாள் ஜன்னலுக்குள் பார்த்தாள். முதலில் பச்சைதான் கண்ணில் பட்டது.

“அடிப்பாவி, படையல் போடாத பொடவையவா கட்டிக்கினு வந்து நிக்கறே? தம்பி எப்படிடி ஒத்துக்கினான்? டேய் அப்பாதொரே, என்னாடா மூஞ்சியில கட்டு? பல்லு வலியா?”

கண்ணாயிரம் டிக்கியைப் பிடித்துக்கொண்டு, தலையை அதற்குள் விட்டபடி அழத் தொடங்கினான்.

செல்லியம்மாளின் கையில் தட்டு சாய்ந்து, ஆரத்தித் தண்ணீர் செம்மண்ணில் வழிந்தது. எதிர்வீட்டுத் தறி ஒன்று நின்றது. பிறகு அதற்குப் பக்கத்துத் தறி.

ரேணுகாம்பாள் கதவைத் திறந்து ஒரு காலைத் தெருவில் வைத்தாள். இடது தோள் பின்னால் இழுத்தது. திரும்பிப் பார்த்தாள். துண்டு நழுவிச் சீட்டுக்குக் கீழே விழுந்திருந்தது. பச்சை முந்தானையைப் பிடித்திருந்த ஐந்து விரலும் அப்படியே இருந்தன.

“இழு ரேணுகா, இழுத்துக்கினு எறங்கு” என்றது யாரோ ஒரு குரல்.

அவள் இழுக்கவில்லை. ஒரு கால் தெருவிலும் ஒரு முழங்கால் சீட்டிலுமாக, முந்தானை விறைப்பாக நிற்கிற தூரத்தில், பேசாமல் நின்றாள்.